பொய் ஒன்று போதும்

ஞாயிறு

மாடல் ரயிலுக்குக் கற்பனை வரலாறு எழுதும்போது பொய்யிலும் சிக்கனம் வேண்டும் என்பது என் கட்சி. தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் புயல் ஊரையும் பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள்; தனுஷ்கோடிக்கு மட்டும் பாதையைத் திரும்பப் போடவில்லை. புயலே வரவில்லை என்று வைத்துக்கொண்டால் ஊர், கப்பல்துறை, போட் மெயில் ரயில் என எல்லாவற்றையும் கட்டியாக வேண்டும். இறந்தவர்களின் கணக்கை அழித்த பாவமும் சேரும். புயல் இருக்கட்டும். அதற்குப் பிறகு, மீன் ஏற்றுவதற்காக மட்டும் ஒற்றைப் பாதை போட்டார்கள் என்பது நான் அனுமதிக்கும் ஒரே பொய்.

புதன்

மாடல் அமையும் பலகையின் அளவை அந்தப் பொய்யே முடிவுசெய்துவிடுகிறது. 87-ல் ஒரு பங்கு அளவில் பாம்பன் பாலம் மட்டுமே 23 மீட்டரைத் தாண்டும், அது வேண்டாம். மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த இடத்தில் பயணிகள் ரயிலும் தேவையில்லை. மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம், சின்ன இன்ஜின் ஒன்று, நாலு சக்கர வேகன் எட்டு. ஆங்கிலேயர் ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நுக்' முறையில் மூன்று சைடிங்; அவற்றில் முறையே 5, 3, 3 வேகன் நிற்கும். எட்டில் ஐந்தை எடுத்து வரிசைப்படுத்த 6,720 விதம் உண்டு என்பதால், ஒன்றரை மீட்டர் பலகையிலும் ஷண்டிங் அலுக்காது.

சனி

மணல் மூடும் பாதைக்கு, அதுவும் மீனுக்காக, ரயில்வே செலவழிக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்ததே 2017-ல். அதுவரை மீனை வெளியே கொண்டுவருவது நிஜமான சிக்கல். செலவு குறித்த சந்தேகத்துக்குப் பலகையிலேயே பதில் சொல்லலாம்: பழைய தண்டவாளம், பாதி புதைந்த ஸ்லீப்பர் கட்டைகள், சிக்னலே இல்லாத முனை. அப்படியானால் புயலுக்கு முந்தைய நிஜ நிலையத்தையே செய்யலாமே என்றால், அதைச் சிறிய பலகைக்காகக் கண்ட இடத்தில் வெட்ட வேண்டிவரும். எதற்காக வெட்டினோம் என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்காது. தவிர, நிஜமும் அப்படியே உள்ளே வராது. 0.3 மி.மீ. கடற்கரை மணலைப் பலகையில் தூவினால் இந்த அளவில் இரண்டரை சென்டிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். சலித்த கல்தூள்தான் மணலாகத் தோன்றும். கற்பனை வரலாறும் அதே வேலையைத்தான் செய்கிறது: நிஜத்தை அளவுக்குத் தக்கபடி சலித்துத் தருகிறது. இரண்டாவது பொய் தேவைப்பட்டால், வரலாற்றை நீட்டாமல் ஒரு சைடிங்கைக் குறைப்பதே முறை.