பனிமூட்டத்தில் நகரும் கேட்

ஏற்காட்டில் சரிவில் கட்டிய வீடுகளுக்கு கேட் திறப்பதே ஒரு வேலை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தபின், ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்து, மழையில் இறங்கி இரும்பு கேட்டைத் தள்ள வேண்டும். எங்கள் கேட்டுக்கு மோட்டார் பொருத்தியபோது அதிகம் மகிழ்ந்தது அம்மாதான்.

அமெரிக்காவில் தம்பியின் காரில் ரிமோட்கூடத் தனியாக இல்லை. உள்கண்ணாடியின் அடியிலேயே மூன்று பொத்தான்கள். ஹோம்லிங்க் என்று பெயர். கராஜ் ரிமோட்டை அதற்கு நெருக்கமாகப் பிடித்து இரண்டையும் சேர்த்து அழுத்தினால், கார் ரிமோட்டின் குறியைக் கற்றுக்கொள்ளும். குறி மாறிக்கொண்டே இருக்கும் ரோலிங் கோட் மோட்டார்களுக்கு இது மட்டும் போதாது. ஏணியில் ஏறி, மோட்டாரில் இருக்கும் 'லேர்ன்' பொத்தானைத் தட்டிவிட்டு, பெரும்பாலும் 30 நொடிக்குள் காருக்கு வந்து அழுத்த வேண்டும். தம்பிக்கு அது அலுப்பு. எனக்கு அந்த ஏணிதான் பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் வரக்கூடிய ஒருவர் நேரில் போய்ச் சொன்னால்தான் மோட்டார் ஒரு புதுக் காரை ஏற்கிறது. குறி மாறாத, 12 சுவிட்சு வைத்த பழைய ரிமோட்டுக்கோ மொத்தமே 4,096 குறிகள். 2015இல் சாமி காம்கார் என்ற ஆய்வாளர், மேட்டல் நிறுவனத்தின் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, அப்படிப்பட்ட கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார்.

எங்கள் மலையில் கவலை வேறு. இங்கே இத்தகைய ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். மூடுபனியின் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஹெட்லைட் வெளிச்சம் அந்தத் துளிகளில் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ரேடியோ அலை தடையில்லாமல் போய்விடுகிறது. ஆகவே எனக்கு கேட் தெரிவதற்கு முன்பே அது நகரத் தொடங்கிவிடும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், காலை ஏழு மணிக்கு கேட்டையொட்டி ஆட்கள் நிற்பார்கள், பிள்ளைகளும் கூட இருப்பார்கள். அவ்வளவு எடையுள்ள இரும்புக்கு அவர்களைத் தெரியாது.

அதற்குத்தான் இரு தூண்களிலும் எதிரெதிரே சென்சார் கண் வைப்பது. குறுக்கே யாராவது வந்தால் கேட் நின்றுவிடும். அமெரிக்காவில் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு இத்தகைய பாதுகாப்பை 1993 முதல் கட்டாயமாக்கினார்கள். இங்கே ஈரம் படிந்தால் அந்தக் கண் மங்கி, கேட் மூட மறுக்கும். பல்லி புகுந்து போர்டைக் கெடுப்பதும் உண்டு. அது காசோடு போகும்.

போன மழையில் வந்த எலக்ட்ரீஷியன், "சென்சார் வயரை ஜாயின் பண்ணி விட்டுடட்டுங்களா? தொந்தரவே இருக்காது" என்றார்.

"வேண்டாங்கண்ணே, தொடச்சிக்கறோம்" என்றேன்.

கேட் கம்பிகள் கண்ணுக்குத் தெரியும்வரை பொத்தானில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். அம்மா அதற்கும் மேலே போய், பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை ஹாரன் அடிக்கிறார்.