பற்றரி புகட்டிய பாடம்

பொருளின் அருமை அது கிட்டாத காலத்திலேயே தெரியும் என்பர். கிட்டும் காலத்தில் அவ்வருமையை மறந்துவிடுதலும் மாந்தர் இயல்பே. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது நூலன்று. பழைய மோட்டார் வண்டியொன்றின் பற்றரியே. விழா மலருக்கு இஃதொரு பொருளா என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். முற்றும் வாசித்தபின் நகைப்பாராக.

எம் இளமைப்பருவம் யாழ்ப்பாணத்திற் கழிந்தது. 1990 ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் எமக்கு எட்டாப் பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னைக்கொண்டு வானொலியிற் செய்தி கேட்டோம். ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நல்ல பற்றரி ஒன்று உடையவர் அதனைக் குழந்தையைப் போலப் பேணினார்.

காலம் மாறிற்று. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டது. பின்னர் மீண்டும் மூடுண்டு 2009 இன் பின் நிலையாகத் திறந்தது. கடைகளிற் பற்றரிகள் அடுக்கடுக்காய் நிறைந்தன. நாமும் ஆசிரியப் பணியிற் சேர்ந்து, ஆசைக்கு ஒரு பழைய மொறிஸ் மைனர் வாங்கினோம். அதற்குப் பற்றரி தேவைப்பட்டபோது விலை குறைந்ததும் மேலுறை பளபளத்ததுமான ஒன்றைத் தெரிந்தோம். அதன் பின்னர் ஓராண்டுக்கு மேலாக அதனைத் திறந்தும் பார்த்திலோம். காலையில் இயந்திரம் சோம்பிச் சுழன்றது, விளக்குகள் மங்கின. "இன்னும் சில நாள் ஓடும்" என எம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

ஒருநாள் நள்ளிரவில் எம் அன்னையார்க்கு நெஞ்சுவலி கண்டது. வண்டியில் இருத்தி இயக்கினோம். "டக்" என்றதோர் ஒலி, அவ்வளவே. அந்நேரத்தில் முச்சக்கர வண்டியும் அகப்படவில்லை. அயலவர் நால்வர் ஓடிவந்து தள்ளினர். மூன்றாம் முறையில் இயந்திரம் உயிர்த்தது. ஆஸ்பத்திரியை உரிய வேளையில் அடைந்தோம், அன்னையாரும் தேறினார். ஆயினும் படலையடியில் அவர் எம் முகத்தைப் பார்த்தபடி இருந்த அந்தப் பத்து நிமிடங்களை நாம் மறத்தல் இயலாது.

மறுநாள் வண்டியைக் கராச்சு ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். அதன் சொந்தக்காரர் எம் பழைய மாணவர். வகுப்பிற் பின்வரிசையில் இருந்தவர், இலக்கணம் ஏறாதவர். "இவனால் ஆவதொன்றில்லை" என ஆசிரியர் அறையில் நாம் கூறியதுண்டு. அவர் பற்றரியைச் சோதித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "சேர், இது ஒரு நாளிலை செத்ததில்லை. கன நாளாய்ச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். நீங்கள்தான் கேக்கேல்லை."

பின்னர் அவர் ஆசிரியராகவும் நாம் மாணாக்கராகவும் ஆனோம். பற்றரியினுள் ஆறு கலங்கள் உள. ஒவ்வொன்றும் இரண்டு வோல்றுக்குச் சற்று மேல் தரும். நன்கு ஏற்றப்பட்ட பற்றரி ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும்; எம்முடையது 12 ஐயும் எட்டவில்லை. நீரமானியால் அளந்தபோது, 1.26 அளவில் இருக்கவேண்டிய அமிலத்தின் சாரடர்த்தி ஒரு கலத்தில் மிகத் தாழ்ந்திருந்தது. நீர் வற்றி ஈயத் தகடுகள் வெளித்தோன்றின. காய்ச்சி வடித்த நீரை உரிய காலத்தில் வார்த்திருப்பின் இவ்வளவு கேடு வந்திராது. கல்லூரிக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு கட்டைத் தூரமே நாம் ஓடுவோம். இயக்குகையிற் செலவானதை மீள ஏற்றுதற்கு அவ்வோட்டம் போதாது. எம் நாட்டு வெப்பமும் பற்றரியின் ஆயுளைக் குறைப்பதே.

புதியது தெரியும் முறையையும் அவரே கற்பித்தார். முதலில் டைனமோ செவ்வனே மின்னேற்றுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அது பழுதாயின் புதுப் பற்றரியும் வீணே. அளவும் முனைகளின் பக்கமும் வண்டிக்குப் பொருந்தல் வேண்டும். அம்பியர்மணி, வண்டி செய்தோர் விதித்ததிற் குறைதல் ஆகாது. தயாரித்த திகதி அண்மையதாக இருத்தல் வேண்டும். நெடுநாள் கடையிற் கிடந்தது புதியதெனினும் முதியதே. உத்தரவாதம் எழுத்தில் இருத்தல் வேண்டும். எம் பழைய பற்றரியைப் புரட்டிக் காட்டினார், திகதி சுரண்டப்பட்டிருந்தது. ஈயம் நஞ்சாதலின் அதனை வளவில் எறியாது மீளெடுப்போரிடம் சேர்ப்பித்தார்.

கழற்றும்போது நாம் அறிவுடையோர் போல மறை முனையை முதலில் தொட்டோம். அவர் கையைப் பிடித்தார். "சேர், மற்றக் கார்களுக்கு அது சரி. இந்தக் காரிலை நேர்முனைதான் உடம்போடை தொடுத்திருக்கு." வண்டியின் உடலோடு பிணைந்த முனையையே முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுதல் வேண்டும். இன்றேல் திறப்பு உடலில் தட்டித் தீப்பொறி பறக்கும். விதியை மனனஞ் செய்தோம் நாம்; அதன் காரணத்தை அறிந்தவர் அவர்.

விடைபெறுகையில், "மாதம் ஒருக்கால் மூடியைத் திறந்து பாருங்கோ" என்றார். அவ்வாறே செய்து வருகின்றோம். வகுப்பறையிலும் ஒரு வழக்கம் கைக்கொண்டுள்ளோம். பாடம் முடியுமுன் பின்வரிசைவரை நடந்து, அங்கு மங்கியிருக்கும் முகங்களை நோக்குகின்றோம். அவையும் கன நாளாய் எமக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கலாம் அன்றோ!