எதிர் சீட்டு அக்கா

கூடுவாஞ்சேரியில் காலை லோக்கல் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால் குரோஷா ஊசியை எடுத்துவிடுவேன். தாம்பரத்துக்குள் நாலு வரிசை. மனசு அடங்கும், அவ்வளவுதான்.

போன மாதம் எதிர் சீட்டு அக்கா, "இன்னும் அதே பூதானா? நான் மூணு முடிச்சாச்சு" என்றார். அன்றிலிருந்து ஊரப்பாக்கமும் வண்டலூரும் கண்ணில் படுவதேயில்லை. நேற்று ஒரு கண்ணி விட்டுப்போனது தெரிந்தும் பிரிக்காமல் ஓட்டிவிட்டேன். (அவர் பார்த்துவிட்டார்.)

இந்த வெறி ஊருக்குப் புதிதில்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு விரித்த போர்வை 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் சாதனை. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர்! எங்கள் பக்கம் அந்த அளவு இடம் கிடைத்தால் லேஅவுட் போட்டு விற்றுவிடுவார்கள். ஆனால் அவர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பின்னி ஒன்றாக இணைத்தார்கள். எங்கள் பெட்டியில் நடப்பது வேறு.

இன்று அக்கா வரவில்லை. நிம்மதியாகப் பின்னலாம் என்று உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் தாண்டியும் ஒரு வரிசை முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.