செவிக்குரிய கடன்

திருமறையின் முதல் வஹீ ஓதும்படி இட்ட கட்டளையோடு இறங்கிற்று. ஓதுதல் என்றால் வாய்விட்டுச் சொல்லுதல். கேட்பதற்கு ஒருவர் உண்டு என்பது அதனுள் அடங்கிய பொருள். வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். மதரஸாவில் ஓதிப் பின்னர் தமிழாசிரியனான நான் இவ்விரண்டையும் பல்லாண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வந்தவன். ஆயினும் இதன் உட்பொருளை 2021-இல்தான் அறிந்தேன். அறிவித்தவர் ஒரு மேடை நடிகர்.

2020-இல் பெருந்தொற்று வந்து கோயில் கொடைகள் நின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்களை ஆடிப் பிழைத்த கலைஞர் பலரின் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. என் பழைய மாணவர் சிலர், அத்தகையோரைக் கொண்டு புதுமைப்பித்தன் கதைகளை ஒலிநூலாக்க முனைந்தனர். அவர்தம் படைப்புகள் 2002-இல் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் உரிமைத் தடை ஏதும் இல்லை. பாடம் பிசகாமல் கேட்டுச் சரிபார்க்க என்னை அழைத்தனர். ஆலிம் ஒருவர் நாடகக்காரரோடு அமர்வதா என்று முகம் சுளித்தவரும் உண்டு. பசித்தவர்க்குக் கூலி கிடைக்கும் நல்ல பணியை மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை.

ஒரு வீட்டின் உள்ளறையில், சன்னல்களில் போர்வையும் மெத்தையும் கட்டி, மின்விசிறியை நிறுத்தி, இஷாவுக்குப் பின் தெருவொலி அடங்கியதும் பதிவு செய்தோம். கதை ‘செல்லம்மாள்’. சென்னையில் துணிக்கடையில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, ஊருக்குப் போக ஏங்கும் நோயாளி மனைவிக்குத் தாமே சமைத்துப் பணிவிடை செய்து, ஒரு துணையுமின்றி அவளை இழக்கும் கதை. படிக்க வந்தவர் அறுபதைக் கடந்த ராஜபார்ட் நடிகர், மனைவியை இழந்தவர்.

இசை நாடகத்தில் பல ஊர்க் கலைஞர் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடுவர். தர்க்கத்தை அங்கேயே புனைந்து பேசுவர். அந்தப் பழக்கத்தால் அவர் ஆசிரியர் எழுதாத ஒப்பாரியைச் சேர்த்தார். ஏட்டில் விரல் வைத்துக் கேட்ட நான் வரிக்கு வரி நிறுத்தினேன்.

“எழுதின மாதிரியே சொன்னா அது நடிப்பா ஐயா?” என்றார்.

“அண்ணாச்சி, இது அமானிதம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது” என்றேன்.

மறுநாள், திருமறைப் பிரதிகளில் நிறுத்தக் குறிகளாக மீமும் ஜீமும் லாமலிஃபும் இருப்பதுபோல், கதைத்தாளில் பென்சிலால் குறியிட்டுக் கொடுத்தேன். இறைவாக்கைக் கதையோடு ஒப்பிட்டேன் அல்லேன். மூச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே என் நோக்கம். கெய்ரோவில் ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ 1961-இல் திருமறை முழுவதையும் தர்த்தீலாக ஓதிப் பதிந்ததைக் கேட்டுக் கேட்டுச் செவி பழகியவன் நான். அவர் குறிப்படியே படித்தார். பிழை ஒன்றுமில்லை, உயிரும் இல்லை.

நான்காம் இரவு அவர் தாளைக் கீழே வைத்தார். “ஐயா, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னே நாப்பது வருசம் பேசிட்டேன். இங்க எதிர்ல ஆளே இல்ல. நீங்க புத்தகத்த மூடிட்டு, கதை கேக்க வந்தவரா உக்காருங்க” என்றார்.

மூடினேன். சரிபார்க்கும் வேலையை ஒரு மாணவர் ஏற்றார். அண்ணாச்சி என் முகம் பார்த்து, துக்க வீட்டுத் திண்ணையில் அண்டை வீட்டார் சொல்வதுபோல் தணிந்த குரலில் படித்தார். ஒரு சொல் கூடவில்லை. ஒரு சொல் குறையவில்லை. முடிந்தபின் நெடுநேரம் எவரும் கருவியை நிறுத்தவில்லை.

அந்தப் பதிவை ஊருக்குக் கொண்டு சென்று என் உம்மாவிடம் கேட்கக் கொடுத்தேன். எண்பதைக் கடந்தவர். காயல்பட்டினத்தில் அவர் காலத்துப் பெண்கள் பலரைப் போல அரபெழுத்து அறிவார், தமிழெழுத்து அறியார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத்தமிழில் எழுதியவற்றைக் கண்ணால் படித்தவர். கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் பெண்கள் கூடி வாசிக்கச் செவியால் பெற்றவர். புதுமைப்பித்தனை அன்றுதான் அறிந்தார்.

கேட்டு முடித்துச் சற்று நேரம் வாளாவிருந்தார். பின்னர், “அந்தப் பிள்ளை தனக்குன்னு இனி உலை வைப்பாரா, வாப்பா?” என்றார். அதன்பின் கேட்டார்: “இந்தக் கதை எத்தனை நாளா உன் அலமாரியில இருக்கு?”

முப்பது ஆண்டுகளாக இருந்தது. வகுப்பில் அதனை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். எழுத்தறியாத தாய்க்கு ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை. கூடியிருந்து வாசித்த மரபில் பிறந்த நான், கண்ணால் மட்டும் படிப்பதையே கல்வி என்று எண்ணிவிட்டேன்.

இப்போது ஊருக்குச் செல்லும் நாள்களில் மஃரிபுக்குப் பின் ஒரு கதை படிக்கிறேன். குறியீடு ஏதும் இடுவதில்லை. உம்மாவின் முகமே குறி. செல்லாத நாள்களுக்கு அண்ணாச்சியின் குரல் இருக்கிறது. அவருக்குக் கொடைக் காலம் மீண்டுவிட்டது. ஆயினும் ஓய்ந்த மாதங்களில் வந்து படித்துத் தருகிறார். எழுத்தறியாத மூத்தோர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்தம் செவிக்கு நாம் பட்ட கடனை, அவர்கள் இருக்கும்போதே தீர்க்க வல்லோன் அல்லாஹ் அருள்வானாக.