ஆச்சி சொன்ன பெயர்

திருவிருந்து ஞாயிறுகளில் ஆண்கள் பக்கமிருந்து வரிசை வரிசையாக எழுந்துபோய்ப் பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிடுவார்கள். என் பாட்டையா மட்டும் தலை குனிந்து பெஞ்சிலேயே இருப்பார். ஒரு வாரமும் கோயிலுக்குப் போகாமல் இருந்தவரில்லை. மழையானாலும் முதல் மணிக்கே வெள்ளை வேட்டியோடு கிளம்பிவிடுவார். அப்பமும் ரசமும் மட்டும் வாங்கமாட்டார்.

மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் எங்கள் பனைகளின் உச்சியிலிருந்து தெரியும் என்று பனையேறிகள் சொல்வார்கள். செம்மண் தேரியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. பதநீரும் கருப்பட்டியும் ஓலையும் நாரும்தான் வருமானம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம்வரை பனைதான் கொடுத்தது. எல்லையோரத்துப் பனைகள் யாருக்கு என்று பாட்டையாவுக்கும் அவர் தம்பிக்கும் தொடங்கிய சண்டை, முன்சீப் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த வீடுகள். சின்னப் பாட்டையா வீட்டுப் பிள்ளைகளோடு நாங்கள் விளையாடக் கூடாது.

காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பகையோடு இருப்பவர்களைக் குருவானவர் பந்தியில் சேர்க்கலாகாது என்பது பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் விதி. அந்தப் புத்தகத்தில் வளர்ந்தவர் பாட்டையா. யாரும் தடுக்காமல் தானே விலகி இருந்தார். அவருடைய நேர்மையை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. பசித்தவர் பந்திக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

1950இல் வந்த புதிய ஆராதனை முறையில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சமாதானம் கொடுக்கும் வழக்கம் சேர்ந்தது. குருவானவரிடமிருந்து தொடங்கி, கைக்குள் கை வைத்து, பெஞ்சு பெஞ்சாகக் கடைசிவரை வரும். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்காராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு லெந்து காலத்தில் குருவானவர் பிரசங்கத்தில் இந்தப் பகையைத் தொட்டார். சபைகள் ஒன்றாவதைப் பற்றி 1919இல் தரங்கம்பாடியில் பேசத் தொடங்கியவர்கள் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் மற்றவர்களும் ஒரே பந்திக்கு வர முடிந்தபோது, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு முடியாதா என்று கேட்டார். நல்ல பிரசங்கம்தான். பாட்டையா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டார்.

அவரை அசைத்தது ஆச்சியின் ஜெபம் என்றே நான் நம்புகிறேன். ராத்திரி ஜெபத்தில் ஆச்சி ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். மகன்கள், மருமக்கள், நாங்கள், சினை மாடு. கடைசியில் கொழுந்தனார் பெயர், அவர் பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர். “அவுங்க வீட்டுலயும் ஒரு குறையும் வரக்கூடாது ஆண்டவரே.” நாங்கள் எல்லோரும் ஆமென் சொல்லுவோம். பாட்டையா வாய் திறக்கமாட்டார். நிறுத்து என்றும் அவர் சொன்னதில்லை. யாரோடு பேசக் கூடாதோ அவருக்காக ஒவ்வொரு ராத்திரியும் ஆமென் சொல்லிச் சொல்லி, எங்களுக்கு அந்த வீட்டின்மேல் கோபமே வராமல் போயிற்று.

பெரிய வியாழனுக்கு முந்தின ராத்திரி. ஆச்சி அந்தப் பெயருக்கு வந்ததும் பாட்டையாவின் குரல் ஆமென் என்றது. கரகரத்த, தொண்டை அடைத்த குரல். ஆச்சி ஜெபத்தை முடிக்கவில்லை, அழுதுவிட்டாள். பாட்டையா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “அரிக்கேன் விளக்க எடுத்துட்டு வா பிள்ள” என்றார் என்னிடம்.

சின்னப் பாட்டையா நடையில் கட்டிலில் படுத்திருந்தார். வெளிச்சத்தைப் பார்த்து எழுந்தார்.

“தம்பி, நாளைக்கு நான் பந்திக்குப் போணும்” என்றார் பாட்டையா.

சின்னப் பாட்டையாவுக்கு உடனே பேச்சு வரவில்லை. பிறகு, “உள்ள வாங்க அண்ணாச்சி” என்றவர் உள்ளே திரும்பி, “ஏட்டி, அண்ணாச்சி வந்திருக்காவ, காப்பி போடு” என்று சத்தம் கொடுத்தார்.

மறுநாள் சாயங்கால ஆராதனையில் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். சமாதானம் அந்த வரிசைக்கு வந்தபோது பெண்கள் பக்கமே திரும்பிப் பார்த்தது. வழக்கை இரண்டு பேரும் வாபஸ் வாங்கினார்கள். பனைகள் யாருக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பதநீர் இறக்குவார்கள், மறு வருஷம் சின்னப் பாட்டையா வீட்டில். அந்த வருஷம் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு விறகு முழுக்க அந்தப் பனைகளின் காய்ந்த மட்டைகள்தான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போனோம்.