தீராந்தியில் ஒரு வரி

"குளியலறைக் கதவு அடியில் உரசுது, கொஞ்சம் சீவிவிட வேணும்" என்றுதான் அந்த வீட்டுக்காரப் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஓடாவி அண்ணை சீவுளியைக் கையில் எடுக்கவேயில்லை. கதவைத் திறந்து மூடினார். நிலையின் மேல்மூலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு போளையை எடுத்துத் தரையில் விட்டார். அது தயங்காமல் உருண்டுபோய்க் கழிவறைக் கோப்பையின் அடியில் நின்றது.

"கதவிலை பிழையில்லை, தம்பி. தரை இருந்துபோச்சு."

ஜூன் கடைசி வாரம். மொன்றியலில் வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் 30 அன்று முடிகின்றன. ஜூலை 1 அன்று நகரமே வீடு மாறுகிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் நடைபாதை நெடுக மெத்தைகளும் சோபாக்களும் கிடந்தன. இந்தப் பேட்டையில் ஒருகாலத்தில் கிரேக்கர்கள் நிறைந்திருந்தார்கள். இன்று ழான் தலோன் தெருவில் இறங்கினால் தமிழ், பஞ்சாபி, வங்காளம் மூன்றும் ஒரே கடைக்குள் கேட்கும். நாங்கள் போன வீடு மூன்றடுக்கு. மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு, இந்நகரின் வழக்கப்படி, தெருவை நோக்கி வெளியே வளைந்து இறங்கியது. நடுவடுக்கில் குடும்பம் இருக்கிறது. கீழ்வீடு காலியாகிவிட்டது, புது ஆட்கள் 1-ஆம் திகதி வருகிறார்கள். ஆகவே கீழ்வீட்டுக் கூரையைத் திறந்து பார்க்க நான்கு நாள் அவகாசம் இருந்தது.

அந்தக் காலத்துக் கூரை. மெல்லிய மரச் சிலாகைகளை நெருக்கி அடித்து அதன்மேல் சாந்து பூசியிருந்தார்கள். அண்ணை அதைத் துண்டு துண்டாகக் கழற்றக் கழற்ற, ஒரு தலைமுறையின் தூசி எங்கள் தலையில் கொட்டியது. விளக்கை உயர்த்திக் காட்டினேன். மேலே குளியலறையைத் தாங்கும் தீராந்திகளில் ஒன்று, சுவரிலிருந்து நாலடி தள்ளி, மேற்பக்கம் பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருந்தது. அந்த வெட்டுக்குள் கழிவுக்குழாய் படுத்திருந்தது.

"உதை ஓடாவி வெட்டேல்லை. பைப்காரன் வெட்டினது. பாரும், கைவாளாலை ரெண்டு பக்கமும் அறுத்துப்போட்டு, நடுவிலை உளியாலை இடிச்சு எடுத்திருக்கிறான்."

அவர் குரலில் கோபம் இல்லை. அந்தக் குழாய்க்காரரின் நெருக்கடியையும் அவரே விளக்கினார். கழிவுக்குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது சரிந்தாக வேண்டும். சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது தங்கிவிடும். குழாய் போகவேண்டிய திசையில் தீராந்தி குறுக்கே நின்றது. ஓடாவியைக் கூப்பிட்டால் ஒரு நாள் போகும், கூலியும் போகும். கையில் வாள் இருந்தது. வெட்டினார். குழாய் வேலை அருமையாக அமைந்துவிட்டது, இத்தனை காலம் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மரம்தான் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பணிந்திருக்கிறது.

மரச்சட்டத்தின் கணக்கு அனுபவம் இல்லாத கண்ணை ஏமாற்றும். ஆழத்தில் பாதியை வெட்டினால் பாதிப் பலம் மிஞ்சும் என்று தோன்றும். வளைவைத் தாங்கும் பலம் ஆழத்தின் வர்க்கத்தோடு போவதால், மிஞ்சுவது கால் பங்குதான். கனடாவின் கட்டடக் கோவை இதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது: தீராந்தியில் துளையிட்டால் ஆழத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது, விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். மேற்பக்கம் வெட்டுவதென்றால் சுவரில் தாங்கும் இடத்தை ஒட்டித்தான், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள்.

கூரையின் மறுகோடியில் இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் சுற்றி இழுத்த, துணி போர்த்த பழைய மின்கம்பிகள். உள்ளே இருக்கும் ரப்பர் உறை காலப்போக்கில் காய்ந்துவிடும், தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். புவியிணைப்புக் கம்பியே கிடையாது. அண்ணை ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

"பிள்ளை, கரண்ட் ஆளையும் பிளம்பரையும் கூப்பிடுங்கோ. அவை வருமட்டும் நான் உதிலை கை வையன்."

வீட்டுக்காரப் பெண் தவித்துப்போனார். "அண்ணை, உங்களுக்குத்தானே எல்லா வேலையும் தெரியும். நீங்களே செய்துவிடுங்கோவன். ஒண்டாம் திகதி ஆக்கள் வரினம்."

"யாழ்ப்பாணத்திலை செய்தனான், பிள்ளை. அங்கை வேறை ஆள் இல்லை. இங்கை இருக்கினம்."

மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். 1990-இல், போர்க்காலத்தில், குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் காணாமல் போயின. அப்போது தச்சுப் பட்டறையில் கைப்பழக்கத்தில் இருந்த இளைஞர் அவர். மரவேலை குறைந்ததும் வந்ததையெல்லாம் திருத்தத் தொடங்கினார். மோட்டார்சைக்கிளை இரண்டு துளி பெற்றோலில் உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி கொடுத்துச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய்யும் பஞ்சும் போட்டு விளக்காக்கினார்கள். ஓடாவி, கொல்லர், வானொலி திருத்துபவர் என்ற கோடுகளெல்லாம் அந்த ஐந்தாறு வருடத்தில் அழிந்துபோயின. அந்தக் கைகள் இல்லாவிட்டால் ஊர் இருளிலேயே கிடந்திருக்கும். அந்தத் தலைமுறையின் கைத்திறனைப் பற்றி நாங்கள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் மனக்குறை.

இங்கே வந்தபோது அந்தத் திறமைக்குக் கணக்கில் ஓர் இடமும் இல்லை. கியூபெக்கில் கட்டுமானத் தொழில் 25 தொழில்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, தனிப் பரீட்சை, தனி அட்டை. தச்சருக்கு 2,000 மணி நேரம் வீதம் மூன்று கட்டம், மின்வேலைக்கு நான்கு. நாற்பது வயதைத் தாண்டியபின் அவர் 6,000 மணி நேரத்தையும் முதலிலிருந்து எண்ணி முடித்தார். "சுத்தியல் பிடிக்கப் பழக்கினாங்கள் எனக்கு" என்று சொன்னபோது கண்ணைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்த வேலி அளவுக்கு மீறி உயரம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மாகாணமும் அதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம், ஒரு தொழிலாளி தன் வேலையோடு ஒட்டிய, சிறிது நேரத்தில் முடியக்கூடிய வேறு தொழிலின் பணியையும் செய்ய வழிவிட்டது. சுவரில் ஒரு துளையை அடைக்க இன்னொரு ஆளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மின்சாரமும் குழாயும் அந்தச் சலுகைக்குள் வரவில்லை. பீங்கான் குமிழ்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதில் முறைப்பாடு எதுவும் இல்லை.

மின்காரர் மறுநாள் காலை வந்து பழைய கம்பிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டுப் புதியவற்றை இழுத்தார். அண்ணை இரும்பு முட்டுக்கால்களை நிறுத்தித் தரையைத் தூக்கத் தொடங்கினார். காலையில் திருகில் கால் சுற்று, மாலையில் கால் சுற்று. அவசரப்பட்டால் மேல்வீட்டுச் சுவர்ப் பூச்சு வெடிக்கும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் கண்ணை மூடிக்கொண்டு மரம் முனகுவதைக் கேட்டார்.

மூன்றாம் நாள் அவர் செய்ததுதான் நான் பார்க்கக் காத்திருந்த வேலை. வெட்டுப்பட்ட தீராந்தியை அந்த இடத்தில் முழுதாகவே அறுத்து எடுத்தார். இரு பக்கத்துத் தீராந்திகளையும் புது மரம் சேர்த்து இரட்டையாக்கினார். அறுபட்ட முனைகளைத் தாங்க இரண்டு குறுக்குச் சட்டங்களை அவற்றுக்கிடையே பூட்டினார். குழாய்க்குத் தடையில்லாத ஒரு பெட்டி போன்ற வெளி உண்டாயிற்று. அந்தக் காலத்தில் ஓர் ஓடாவியைக் கூப்பிட்டிருந்தால் அவர் செய்து கொடுத்திருக்கும் வேலை. பிறகு பென்சிலால் குழாயின் சரிவை மரத்தில் கோடாக இழுத்து வைத்தார். கணக்கு அவருக்குத் தெரியும். பிளம்பர் கை வைக்கவேண்டிய இடத்துக்குக் கோட்டை மட்டும் விட்டுவைத்தார்.

மாலையில் வந்த பிளம்பர் பேச்சில்லாத மனிதர். விளக்கடித்து மேலே பார்த்தார். கோட்டின்மேல் தன் ரசமட்டத்தை வைத்தார். அண்ணையைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டுக் கறுப்புக் குழாயை அளக்கத் தொடங்கினார். ஒரு மரத்தையும் தொடாமல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

30-ஆம் திகதி காலை ஜிப்ரொக் பலகைகள் வந்தன. கூரையை மூடுவதற்கு முன் அண்ணை ஏணியில் ஏறி, இரட்டைத் தீராந்தியின் பக்கத்தில் தடித்த பென்சிலால் எதையோ எழுதினார். விளக்கை உயர்த்தி வாசித்தேன். பிரெஞ்சில், பெரிய எழுத்துகளில், "ந பா கூப்பே": வெட்டாதே. கீழே ஆண்டு போட்டிருந்தார்.

"ஆருக்கண்ணை?" என்று கேட்டேன்.

"அடுத்த முறை திறக்கிறவனுக்கு" என்றார். "அந்தப் பலகையை உயர்த்திப் பிடியும்."