மாலகா: சாளை சுடும் கரையும் அகதிகள் நடந்த வீதியும்

ஸ்பெயின் நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்துள்ளது மாலகா நகரம். இந்தக் கரையைச் 'சூரியக் கரை' என்றே அந்நாட்டவர் அழைக்கின்றனர். புகழ்பெற்ற ஓவியர் பிக்காசோ 1881 இல் பிறந்ததும் இங்குதான். அங்கு படிக்கும் என் பெறாமகளுடன் ஒரு யூன் மாதத்தில் மூன்று நாட்கள் இந்நகரைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

பழக்கமான சொற்கள்

காலையில் முதலில் போன இடம் அத்தராசானாஸ் சந்தை. அராபியர் ஆட்சிக்காலத்தில் இது கப்பல் கட்டும் இடமாக இருந்ததாம். அக்காலத்துப் பளிங்கு வாசல் இன்றும் நிற்கிறது. உள்ளே நெத்தலி, கணவாய், இறால் என்று எங்கள் மீன்சந்தை போலவே இரைச்சல். பாண் வாங்கப் போனபோது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர்களும் அதைப் 'பான்' என்றே சொல்கிறார்கள். மேசை அவர்களுக்கு 'மேசா', சப்பாத்து 'சப்பாத்தோ'. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுச் சென்ற சொற்களின் உடன்பிறப்புகள் இவை.

நகரின் தேவாலயத்தை 'ஒற்றைக் கைக்காரி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். இரண்டு கோபுரங்களில் ஒன்று மட்டுமே முடிக்கப்பட்டது. மற்றது 1782 இல் வேலை நின்றபடியே இருக்கிறது.

எளியவர்களின் உணவு

மதியம் ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக, குளிர்ந்த சூப் ஒன்று வந்தது. பெயர் 'அஹோபிளாங்கோ', அதாவது வெள்ளை உள்ளி. பழைய பாணை நீரில் ஊறவைத்து, பாதாம் பருப்பு, உள்ளி, உப்பு சேர்த்து அரைத்து, ஒலிவ் எண்ணெயும் சிறிது வினாகிரியும் விட்டுக் குளிர்ந்த நீரில் கரைத்தால் சரி. அடுப்பே தேவையில்லை. மேலே நாலைந்து முந்திரிகைப் பழங்கள் போடுவார்கள். வெயிலில் தோட்ட வேலை செய்தவர்கள் மிஞ்சிய பாணை வீணாக்காமல் குடித்த உணவு இது.

மாலையில் கிழக்கே எல் பாலோ என்ற பழைய மீனவர் குடியிருப்புக்குப் போனோம். மணல் நிரப்பிய பழைய வள்ளத்தில் விறகு மூட்டி, ஐந்தாறு சாளை மீன்களைக் கோர்த்த மூங்கில் போன்ற நாணற் குச்சிகளைத் தீக்குப் பக்கத்தில் நட்டு வைக்கிறார்கள். தீக்கு மேலே வைப்பதில்லை. காற்று எப்பக்கம் வீசுகிறது என்று பார்த்தே குச்சியை நடவேண்டும். மசாலா கிடையாது, கல்லுப்பு மட்டுந்தான். ஸ்பானிய மொழியில் பெயருக்குள் 'ர்' ஒலி வராத மே முதல் ஒகஸ்ட் வரையான மாதங்களில்தான் சாளை கொழுத்திருக்குமாம். நான் போனது நல்ல காலம். 1885 இல் இங்கு வந்த அரசர் கத்தியும் முள்ளும் எடுத்தபோது, கையால்தான் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் திருத்தினார் என ஒரு கதையும் உண்டு. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை!

கரும்புப் பாணி

அடுத்து வந்தது பொரித்த கத்தரிக்காய். மேலே கரும்புப் பாணி ஊற்றியிருந்தது. உவர்ப்பும் இனிப்பும் சேர்ந்து நன்றாக இருந்தது. நான் விரும்பிச் சாப்பிடுவதைக் கண்ட கடைக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், பக்கத்தில் வந்து அமர்ந்தார். பெறாமகள் மொழிபெயர்த்தாள்.

"என் அம்மா கத்தரிக்காய் நல்லாகப் பொரிப்பா. பாணியை மட்டும் தொடமாட்டா," என்றார் அவர்.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937 பெப்ரவரி 8 ஆம் திகதி ஃபிராங்கோவின் படைகளிடம் மாலகா வீழ்ந்தது. பழிவாங்கலுக்குப் பயந்து சனம் கடலோர வீதியால் கிழக்கே 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அல்மேரியாவுக்கு நடக்கத் தொடங்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். கடலில் நின்ற போர்க்கப்பல்களும் மேலே வந்த விமானங்களும் அவர்களைத் தாக்கின. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். வழியில் உண்ண இருந்தது வீதியோரத் தோட்டங்களின் கரும்பு மட்டுமே. எட்டு வயதில் தாயின் கையைப் பிடித்து நடந்த அந்தச் சிறுமிதான் கடைக்கார அம்மாவின் தாய். பல நாட்கள் கரும்பு கடித்தே உயிர் பிழைத்தவருக்குப் பிறகு அந்த இனிப்பு வாயில் இறங்கவில்லை.

கனடா நாட்டு வைத்தியர் நோர்மன் பெத்தூன் அல்மேரியாவிலிருந்து தன் வாகனத்துடன் எதிரே வந்து, பிள்ளைகளையும் தாய்மாரையும் ஏற்றி ஏற்றிச் சென்றார். அந்த உதவியின் நினைவாக 2006 இல் இங்கு ஒரு கடலோர நடைபாதைக்குக் 'கனடியர் நடைபாதை' என்று பெயரிட்டனர்.

ஆனால் 1975 இல் ஃபிராங்கோ இறக்கும்வரை இதைப்பற்றி வெளியில் பேச முடியவில்லை. தாய்மார் வீட்டுக்குள்ளும் பேசவில்லை. நகரில் கொன்று புதைக்கப்பட்டோரின் எச்சங்களை சான் ரஃபாயேல் மயானத்தில் 2006 முதல் 2009 வரை தோண்டியெடுத்தனர். 2,800 பேருக்கு மேல். இப்போது அங்குள்ள நினைவுச்சின்னத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

"உங்கள் அம்மா எப்போது சொன்னா?" என்று கேட்டேன்.

"பேரப்பிள்ளை பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்டபோது. அதுவரை நானும் கேட்கவில்லை, கேட்டால் அழுவா என்று பயம். சொல்லி முடித்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டா."

அண்மைய ஆண்டுகளில் ஒவ்வொரு பெப்ரவரியிலும் பலர் அதே வீதியால் அல்மேரியா நோக்கி நடக்கிறார்கள். இந்த அம்மாவும் முதல்நாள் கடையைப் பூட்டிவிட்டு முழங்கால் வலிக்கும்வரை நடப்பாராம். கைப்பையில் பாணும் ஒரு துண்டு கரும்பும் இருக்கும். கரும்பைக் கடிப்பதில்லை, கூட வரும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்வதற்காக.